மூன்றாவது முடிச்சு: ஒரு 64 நிமிடத் தாமதத்தின் கணக்கு

சித்தி பையனுக்குக் கூடப் பிறந்த அக்கா தங்கை கிடையாது. அவன் கல்யாணத்தில் நாத்தனார் நான்தான் என்பது அவன் பத்தாவது படிக்கும்போதே முடிவாகிவிட்ட விஷயம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அதற்கு ஒரு பட்டுப்புடவை உண்டு, பின்னால் விளக்குப் பிடித்து நிற்கிற பெருமை உண்டு, ஆல்பத்தில் அசைக்க முடியாத இடம் உண்டு. போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, முகூர்த்தம் காலை 6 முதல் 7:30 வரை. மண்டபம் வடபழனியில். தாலி கட்டியது 6:50. நாங்கள் போய்ச் சேர்ந்தது 7:04.

முடிச்சு போட்டது சித்தப்பா வழியில் ஒரு பெண். கல்லூரி முதலாண்டு. பாவம், அவளுக்கு முடிச்சுப் போடவே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார்கள்.

"என்னடி, டிராஃபிக்கா?" என்று அன்று கேட்காதவர்கள் இல்லை. நானும் "ஆமா, செம டிராஃபிக்" என்றேன். சிலரிடம் "ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு..." என்று இழுத்தேன். அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கச் சொல்வதில்லை, அவர்களே தலையாட்டிவிடுவார்கள். இரண்டுமே பொய் என்று தெரிந்தது மறுநாள் மதியம், அலுவலக கேன்டீனில்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வெட்கக்கேடு முழுதாகப் புரியும். தாம்பரம் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவில் இருக்கிறேன். ஒரு காலரை ஒட்டித் தைக்க எத்தனை நொடி, ஒரு பொத்தான் துளை போட எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சோடு தையல் லைனில் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முழுச் சட்டை ஒன்றுக்கு 20 நிமிடத்தை ஒட்டி வரும். அதில் அரை நிமிடம் கூடினால் ஏன் கூடியது என்று சூப்பர்வைசரைக் கேள்வி கேட்கிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் இந்தக் கூத்து.

அன்று காலை

வீடு மேடவாக்கத்தில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெரியவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 1 வயது 7 மாதம். முதல் நாள் இரவு வரவேற்பு முடிந்ததும் மண்டபத்திலேயே தங்கச் சொன்னார்கள். சின்னவனுக்குச் சளி, அந்த அறையில் ஏ.சி.யைக் குறைக்க வழியில்லை. சரி, வீட்டில் படுத்தால்தான் தூங்குவான் என்று திரும்பி வந்தோம். 11:40க்கு வீடு, 12:10க்குப் பிள்ளைகள் தூக்கம். பெரியவர்கள் கணக்கில் அது ஒரு முடிவு, அவ்வளவுதான். குழந்தைகள் கணக்கு வேறு. ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை ஒரு நாளில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. இவர்கள் தூங்கியது ஐந்து மணி நேரம்கூட இல்லை.

திட்டம் என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது. 4:00 அலாரம். 4:40க்குள் நாங்கள் இருவரும் தயார். அடுத்த அரை மணியில் பிள்ளைகள். 5:15க்கு வண்டி நகர வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம். 6 மணிக்கு மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு உள்ளே போகிறோம்.

நடந்ததை எழுதிப் பார்ப்பதற்கு நினைவை நம்பவில்லை. கைப்பேசியே சாட்சி சொன்னது: அலாரத்தைத் தள்ளிப்போட்டது, கேப் செயலி அனுப்பிய செய்திகள், சித்தியின் அழைப்புகள், நடுவில் நான் எடுத்த நாலு போட்டோக்களின் நேரம்.

எழுந்தது 4:20. நான் குளித்து, தலை வாரி, புடவை கட்டி முடிக்க 5:05. பிள்ளைகளை எழுப்பினோம். பெரியவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். குளிப்பாட்டுகிற எண்ணத்தைக் கைவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பட்டுப்பாவாடை, பொட்டு, பூ. சின்னவனுக்கு ஜிப்பாவும் ஒட்டிக்கோ வேட்டியும். அவன் சிணுங்கியதால் 5:28க்குப் பால். எல்லாம் முடிய 5:35. "ஏங்க, கேப் போடுங்க" என்றேன். ஒரு டிரைவர் வருவதாகச் சொல்லி ரத்து செய்தார். அடுத்தவர் 5:50க்கு வாசலுக்கு வந்தார். 5:48க்குச் சின்னவன் முகம் சிவந்து, ஒரு மூலையைப் பார்த்து அசையாமல் நின்றான். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். டயப்பர் தாங்கவில்லை, வேட்டி தாங்கவில்லை, ஜிப்பாவின் பின்புறமும் போயிற்று. 6:02க்கு அவன் சாதாரண டீ சர்ட்டும் டவுசருமாக மறுபடி தயார். மாடிப்படி இறங்க மூன்று நிமிடம். வண்டியில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தது, தம்பிக்குப் போட வேண்டிய மோதிரம் பீரோவில் இருக்கிறது. அவர் மூன்று மாடி ஏறி இறங்கி வந்தார். வண்டி நகர்ந்தது 6:12.

கீழ்க்கட்டளை தாண்டும்போது பெரியவள், "அம்மா, உச்சா." ஒரு பெட்ரோல் பங்கில் ஓரம் கட்டி, பட்டுப்பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடம். அப்புறம் கத்திப்பாரா, ஈக்காட்டுத்தாங்கல், அசோக் பில்லர் என்று நூறடி ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. வடபழனியில் மட்டும் கொஞ்சம் ஊர்ந்தது. முகூர்த்த நாளில் முருகன் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். போதாததற்கு ஆற்காடு சாலையை மெட்ரோ வேலைக்காகச் சுருக்கி வைத்திருந்தார்கள். 7:04.

(பரங்கிமலையில் மெட்ரோ பிடித்தால் வடபழனி நாலாவது ஸ்டேஷன்தானே என்று அவர் முந்தின நாளே சொன்னார். பட்டுப்புடவையோடு இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று படி ஏறப்போவது யார் என்று கேட்டேன். இன்றும் அதில் என் கட்சிதான் சரி.)

காகிதத்தில்

திட்டம் 6:00, சேர்ந்தது 7:04. தாமதம் 64 நிமிடம். இதில் பயணத்தின் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்த்தேன். 45 நிமிடம் என்று போட்டது 52 ஆனது. கூடிய 7 நிமிடத்தில் 6 பெட்ரோல் பங்கில் போனது. ஆக, நான் மண்டபம் முழுக்கச் சொன்ன "செம டிராஃபிக்" மொத்தம் ஒரே ஒரு நிமிடம்.

மிச்சம் 57 நிமிடம், வீட்டு வாசலுக்கு இந்தப் பக்கம் போனவை. அதில் 25 நிமிடம் நாங்கள் இருவரும் தயாராவதில் போயிற்று: அலாரத்தைத் தள்ளிய 20, புடவைக்குக் கூடுதலாக 5. பிள்ளைகளைத் தயார் செய்ய 30 நிமிடம் என்று போட்டிருந்தேன், 5:05 முதல் 5:35, சரியாக 30 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. இதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகள் திட்டத்தை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள்.

5:35க்கு எல்லாரும் தயார், ஆனால் வண்டி நகர்ந்தது 6:12. இந்த 37 நிமிடத்துக்குத் திட்டத்தில் நான் ஒதுக்கியது 5 நிமிடம். கேப் வர 15, டயப்பர் கலவரம் முடிய இன்னும் 12, படியிறங்க 3, மோதிரத்துக்கும் ஏறி உட்காருவதற்கும் 7. பிள்ளைகளால் ஆனது என்று தாராளமாகச் சேர்த்தாலும் டயப்பர் 12, பெட்ரோல் பங்க் 6, மொத்தம் 18 நிமிடம். அந்த 18க்கும் உண்மையான குற்றவாளி யார் என்று பார்த்தால் அதிலும் நான்தான் வருகிறேன்.

பால் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், உடம்பின் இயல்பான எதிர்வினை அது. சின்னப் பிள்ளைகளிடம் இது இன்னும் பலமாக இருக்கும். குடித்த கொஞ்ச நேரத்தில் கக்கா போவது அதனால்தான். 5:28க்குப் பால், 5:48க்கு விளைவு. "கிளம்புற நேரம் பார்த்து பண்றான் பாரு" என்று அன்று திட்டினேன். அவன் கிளம்புகிற நேரம் பார்த்துச் செய்யவில்லை, நான்தான் கிளம்புகிற நேரம் பார்த்துக் கொடுத்தேன். வண்டியில் அழாமல் வருவான் என்று எல்லா வீட்டிலும் கடைசி வேலையாகப் பால் கொடுக்கிறோம். ஜிப்பாவைப் போட்டுவிட்டு வேறு கொடுக்கிறோம்.

பெரியவள் கதையும் அதேதான். தினமும் எழுந்ததும் குளியலறைக்குப் போகிறவள். அன்று ஈரத்துணியால் துடைத்தபோது குளியலறையே அவள் காலையிலிருந்து காணாமல் போய்விட்டது. யாரும் கேட்கவும் இல்லை.

"நான் ரெடி"

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "எழுது, எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே" என்றார்.

எங்கள் லைனில் ஒரு ஆபரேட்டர் முன்னால் துணி மலையாகக் குவிந்து கிடக்கும், பக்கத்து மெஷினில் இருக்கிறவர் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். இருவருடைய வேகத்திலும் குறை இருக்காது, வேலையைப் பிரித்த விதம் தப்பு. இதற்கு லைன் பேலன்சிங் என்று பெயர், என் வேலையில் பாதி இதுதான். அன்று காலை எங்கள் வீட்டில் ஒரு ஆபரேட்டரிடம் மூன்று பேரின் அலங்காரம், பால், பை, பூ, பின்னூசி. இன்னொரு ஆபரேட்டர் 4:45க்கு எழுந்து, 12 நிமிடத்தில் குளித்து வேட்டி சட்டையோடு, 5:00 மணிக்கே வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் ரெடி" என்றார். போன் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, தன் பங்கு வேலை முடிந்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார். பிள்ளைகளோடு கிளம்புகிற வீட்டில் "நான் ரெடி" என்பதைப் போலப் பயனில்லாத சொல் வேறொன்று இல்லை.

நான் மட்டும் யோக்கியமா? கேப் போடச் சொல்லும் வேலையை 5:35வரை என் வாயிலேயே வைத்திருந்தேன். 5:15க்குச் சொல்லியிருந்தால் அந்த 15 நிமிடம் பிள்ளைகளின் 30 நிமிடத்துக்குள்ளேயே கரைந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டி என்று யார் விதி செய்தது? ஆலையில் இதையே ஒருவர் செய்தால் மெமோ கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

கத்திப்பாரா தாண்டிவிட்டோம்

6:20க்குச் சித்தி போன் செய்தாள். "எங்கடி இருக்கீங்க?"

"கத்திப்பாரா தாண்டிட்டோம் சித்தி, பத்தே நிமிஷம்."

அப்போது நாங்கள் கீழ்க்கட்டளையைக்கூடத் தொடவில்லை. கத்திப்பாராவைத் தொட்டது 6:41க்கு. டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இதோ வந்துட்டோம்", "கிளம்பிட்டோம்", "தெருமுனைல இருக்கோம்" என்பதையெல்லாம் நம் ஊரில் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. கேட்கிறவரும் அதில் இருபது நிமிடம் கூட்டித்தான் புரிந்துகொள்வார். ஆனால் மணவறையில் உட்கார்ந்திருக்கும் ஐயருக்கு அந்தக் கூட்டல் தெரியாது. பத்து நிமிடம் என்றதும் சித்தப்பா அவரிடம் கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார். 6:30 தாண்டியது, 6:40 தாண்டியது. திங்கட்கிழமை 7:30க்கு ராகு காலம் பிறக்கிறது, ஐயருக்கு அடுத்து இன்னொரு மண்டபம் இருக்கிறது. மாமா ஒருவர் குரலை உயர்த்த, 6:50க்குக் கெட்டிமேளம்.

"சித்தி, 7 மணி ஆகும்" என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று, வேறு யாரையாவது நாத்தனாராக நிறுத்தி 6:25க்கே நிம்மதியாகத் தாலி கட்டியிருப்பார்கள். இல்லையென்றால், 7:30வரை நேரம் இருக்கிறதே என்று மற்றச் சடங்குகளை முன்னால் நகர்த்தி 7:10க்குக் கட்டியிருப்பார்கள், நானும் இருந்திருப்பேன். இரண்டுமே நடந்ததைவிடத் தேவலை. 64 நிமிடத்தில் எனக்கு உறுத்துவது இந்தப் பத்து நிமிடம்தான். தாமதத்தை மன்னித்துவிட்ட சித்தி, "கத்திப்பாரா"வை இன்னும் மன்னிக்கவில்லை.

அச்சை மாற்றுகிற வித்தை

என் படிப்பில் ஒரு கதை சொல்வார்கள். ஜப்பானில் டொயோட்டா ஆலையில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் 1,000 டன் பிரஸ் ஒன்றின் அச்சை மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. 1969இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதை ஒன்றரை மணி நேரமாக்கினார். நிர்வாகம் மூன்று நிமிடம் ஆக்கு என்றது. சில மாதங்களில் அதையும் செய்தார்கள். அவர் யாரையும் ஓடி ஓடி வேலை செய்யச் சொல்லவில்லை. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, மெஷின் ஓடும்போதே செய்து வைத்துவிடக்கூடிய வேலை எது என்று இரண்டாகப் பிரித்தார். பிறகு முதல் பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக இரண்டாவதற்குத் தள்ளினார்.

கேன்டீனில் உட்கார்ந்து அதே கேள்வியை வீட்டுக்கு மாற்றினேன். பிள்ளை விழித்தால்தான் முடிகிற வேலை எது, பிள்ளை தூங்கும்போதே முடித்து வைக்கக்கூடியது எது? முதல் பட்டியலில் பால், கழிப்பறை, உடை, செருப்பு, இவ்வளவுதான் வந்தது. அன்று நான் விழித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்த மற்ற எல்லாமே, பையில் மாற்று உடை தேடியது, பூவைக் கத்தரித்தது, தண்ணீர் பாட்டில் நிரப்பியது, மோதிரம், சாவி, கேப், எல்லாமே இரண்டாவது பட்டியல். முந்தின இரவு 11:40க்கு வீடு திரும்பியதால் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. வரவேற்புக்குக் கிளம்பும் முன்பே, மதியத்திலேயே செய்திருக்கலாம். தோன்றவில்லை.

அதோடு இன்னொன்று. வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துப் போடுவது என் ஒருத்தியின் வியாதி இல்லை. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமாக நடந்தால் என்று கற்பனை செய்ததைவிடவும் மோசமாக நடந்திருக்கிறது. அவர்களுக்குப் பிள்ளைகள்கூட இருந்திருக்காது.

சோதித்துப் பார்த்தது

ஒரு மாதம் கழித்துத் தாம்பரத்திலிருந்து காலை 7 மணியை ஒட்டி ஒரு ரயில், ஊருக்கு. ரயிலுக்குச் சித்தியும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, கத்திப்பாரா கதை எடுபடாது.

முந்தின நாள் மாலையே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பெரியவளை மட்டும் பயணத்துக்கான பருத்தி உடையைப் போட்டே தூங்க வைத்தேன். மாமியாரிடம் போனில் சொன்னபோது, "ராத்திரியே போட்டா கசங்கிடாதா?" என்றார். "கசங்கட்டும் அத்தை" என்றேன். பட்டுப்பாவாடை பையில் போயிற்று. ஊர் நெருங்கும்போது ரயிலில் மாற்றிக்கொள்ளலாம். பை வாசலில், சாவி பையின் மேல். தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோ அண்ணனிடம் முதல் நாளே நேரம் சொல்லி வைத்தோம். சின்னவனுக்குப் பால், கிளம்ப முக்கால் மணிக்கு முன்பே, பழைய துணியில். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடந்தது. கழுவி, மாற்றி, நல்ல உடை. பெரியவள் எழுந்ததும் முதல் வேலை குளியலறை. பெரியவளை அவர் எடுத்துக்கொண்டார், சின்னவனை நான். "ரெடி" என்ற சொல்லுக்கு வீட்டில் தடை. அவரவர் பிள்ளையும் செருப்பு மாட்டி நின்றால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடு.

வண்டி நகர்ந்தது சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால். பிளாட்பாரத்தில் நின்றபோது ரயிலுக்கு இன்னும் 35 நிமிடம் இருந்தது.

வெற்றிதான். ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் 35 நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு அதன் விலை தெரியும். சின்னவன் தண்டவாளத்தை நோக்கி நடப்பதையே விளையாட்டாக வைத்துக்கொண்டான். பெரியவள் பத்து நிமிடத்துக்குள் பிஸ்கட், தண்ணீர், மறுபடி பிஸ்கட். ரயிலில் ஏறியபோது இருவரும் நாள் முழுதும் அலைந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நேரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டால் போதும் என்று எல்லாரும் சொல்லும் யோசனை பெரியவர்களுக்குச் சரி, அவர்கள் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் காத்திருப்பதும் ஒரு வேலை, அதுவும் கடினமான வேலை. அதன் பிறகு ரயிலுக்கு 20 நிமிடம், மற்றவற்றுக்கு 10 என்று வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஒரு பிறந்தநாள் விழா, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அழைப்பில் மாலை 6 மணி. 6 மணிக்குப் போய் நின்றோம். பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள், பிறந்தநாள் குழந்தை குளித்துக்கொண்டிருந்தது. கேக் வெட்டியது 8 மணிக்கு. எங்கள் பிள்ளைகள் 7:30க்கே என் தோளிலும் அவர் தோளிலும் தூங்கிப்போனார்கள். அழைப்பிதழில் போடும் நேரத்துக்கும் நிகழ்ச்சி நடக்கும் நேரத்துக்கும் நம் ஊரில் உள்ள தூரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், முகூர்த்தமும் ரயிலும் மட்டும் விதிவிலக்கு. இப்போதெல்லாம் முன்கூட்டியே போன் செய்து, "எத்தனை மணிக்கு கேக் வெட்டுவீங்க?" என்று வெட்கமில்லாமல் கேட்டுவிடுகிறேன். 7:30க்கு மேல் என்றால் அடுத்த நாள் காலை பரிசோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஒரு வரி மட்டும்

ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளை விழித்த பிறகு ஆகும் வேலைகளும் அவற்றுக்கான நிமிடங்களும். பால் 8, அதன் பிறகு காத்திருக்க 30, கழிப்பறை 6, உடை ஆளுக்கு 5, படி இறங்க 4. நேரம் அளந்து எழுதியவை, குத்துமதிப்பு இல்லை. பெரும்பாலானவற்றை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து அரை நிமிடம், ஒரு நிமிடம் குறைக்க முயற்சி செய்வேன். தொழில் புத்தி.

ஒரு வரியில் மட்டும் கை வைப்பதில்லை. செருப்பு, பெரியவள்: 7.

அவளுடைய செருப்பில் ஒரு சின்ன பக்கிள் இருக்கிறது. அந்த வாரை அதன் ஓட்டைக்குள் விட்டு, இழுத்து, கம்பியைச் சரியான துளையில் நுழைக்க வேண்டும். நான் செய்தால் காலுக்குப் பத்து நொடி. கையைக் கொண்டு போனால் "நானே!" என்று காலை இழுத்துக்கொள்வாள். நாக்கை வெளியே நீட்டி, மூச்சை அடக்கி, வாரைத் தவறவிட்டு, மறுபடி எடுத்து. கல்யாணத்தன்று அவசரத்தில் நான் பிடுங்கி மாட்டினேன், அழுதுகொண்டே மூன்று மாடி இறங்கினாள். அந்த அழுகையைச் சமாதானம் செய்ய ஆன நேரம் எந்தப் பட்டியலிலும் இல்லை, பயணத்துக்குள் மறைந்துவிட்டது. வெல்க்ரோ வைத்த செருப்பு வாங்கிவிடலாமே என்று அவர் சொன்னார். கடைக்கும் கூட்டிப் போனோம். பக்கிள் வைத்ததையே எடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை நிமிடத்தில் இரண்டு காலிலும் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். மிச்சமிருந்த ஐந்தரை நிமிடம், இடது வலது மாறியிருந்ததை அவளே கழற்றி மாற்றுவதற்குச் சரியாக இருந்தது.